பத்துப் பாத்திக்கும் தண்ணீர்

எனக்குப் பிடிக்காத வசனம் ஒன்று உண்டு. "எல்லாருந்தானே தாங்குகினம், உனக்கு மட்டும் என்ன?" என்பதுதான் அது. என்னிடம் இதை முதலில் சொன்னவர் என் மச்சாள், என் கணவரின் அக்கா. எங்கள் வீட்டில் குசினியும் கோழிகளும் நல்லநாள் கெட்டநாள் பார்ப்பதும் அவர் பொறுப்பு. பிறகு பாடசாலை அதிபர் சொன்னார், சங்கக்கடை வரிசையில் முன்னால் நின்ற மனுசி சொன்னார், வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரர் எல்லாரும் சொன்னார்கள்.

எல்லாரும் தாங்குகிறார்கள் என்பது பச்சைப் பொய். அதிபருக்கு வயிற்றில் புண். வரிசையில் நின்ற மனுசி பேசிக்கொண்டே தன் கைவிரல் நகத்தைச் சதை தெரியக் கடித்து வைத்திருந்தார். மச்சாளுக்கு வாரத்தில் மூன்று நாள் அரைத்தலைக் குத்து. அதையெல்லாம் தாங்குவது என்று சொல்வதானால், சட்டியில் அடிப்பிடித்ததையும் சோறு என்று சொல்லலாம்.

எனக்கு அது தாடையில் பிடித்தது.

யாழ்ப்பாணத்தில் சண்டையால் மின்சாரம் நின்று இரண்டாவது வருஷம். சுன்னாகத்துக்கும் இணுவிலுக்கும் இடையில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் என் கணவரின் வெங்காயத் தோட்டம். ஒருநாள் காலையில் பாண் துண்டைக் கடிக்க வாயைத் திறந்தேன். வாய் திறக்கவில்லை. சின்னவிரல் நுழையும் அளவுக்குத் திறந்து அப்படியே நின்றுவிட்டது. காதடியில் இருந்து கழுத்து வரை கம்பி வைத்து முறுக்கியதுபோல இருந்தது. மத்தியானம் கொஞ்சம் இளகியது. அடுத்த நாள் காலையில் மறுபடியும் பூட்டிக்கொண்டது.

வேறு எந்தக் காலத்தில் என்றாலும் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. நான் ஐந்து வருஷமாகத் தொண்டர் ஆசிரியை. ஆசிரியர்கள் இல்லாத பாடசாலையில், நியமனம் இல்லாமல், என்றாவது ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லப்பட்டு, தினமும் சைக்கிளில் போய்க் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். அந்த 'என்றாவது ஒருநாள்' மூன்று வாரத்தில் வரப்போகிறது என்றது கடிதம். நேர்முகப் பரீட்சை. அதிகாரிகள் முன்னால் பதினைந்து நிமிஷம் பாடம் எடுத்துக் காட்டவேண்டும். வாய் திறக்காத ஒருத்தி எப்படிப் பாடம் எடுப்பது?

பல் டொக்டரிடம் போனேன். சுன்னாகச் சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய டிஸ்பென்சரி. மின்சாரம் இல்லாததால் யன்னல் ஓரம் கதிரையைப் போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலை என் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். அறுபது வயது இருக்கும். லண்டனில் படித்துவிட்டு, பிள்ளைகள் கூப்பிட்டும் போகாமல் இருந்தவர்.

"பல்லிலை ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை. நீர் நித்திரையிலை பல்லு நெருமுறீர். என்ன யோசினை உமக்கு?"

எனக்குக் கோபம் வந்தது. திறக்காத வாயால் கோபத்தைக் காட்டுவது கஷ்டம். "டொக்டர் இந்த ஊரிலைதானே இருக்கிறியள்?" என்று பல்லுக்கிடையால் கேட்டேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "விறைப்பு ஊசி வாறேல்லை. ஆறு மாதமா நான் மனோவசியம் செய்துதான் கன பேருக்குப் பல்லுப் பிடுங்குறன். நோவைக் குறைக்க ஏலுமெண்டா, உந்தத் தாடையையும் இளக்க ஏலும்."

"என்னை ஒருத்தரும் வசியம் பண்ண ஏலாது."

"நல்லதாப் போச்சு. நான் பண்ணப் போறேல்லை. நீரே உம்மைப் பண்ணப் போறீர். நான் வழியைத்தான் சொல்லுவன். பிடிக்காட்டி இடையிலை எழும்பிப் போம்."

எழும்பிப் போகலாம் என்று சொன்னதால்தான் இருந்தேன். அந்தக் காலத்தில் எழும்பிப் போகலாம் என்று எங்களிடம் யாருமே சொல்வதில்லை.

கண்ணை மூடச் சொன்னார். மூச்சை மெல்ல விடச் சொன்னார். அவருடைய குரல் நல்ல குரல், அவசரமில்லாத குரல். கால்விரல்கள் பாரமாகி, கைகள் பாரமாகி, உண்மையாகவே சந்தை இரைச்சல் தூரத்துக்குப் போனது. "இப்ப உமக்கு முன்னாலை ஒரு படிக்கட்டுக் கிடக்கு," என்றார். "பத்துப் படி. ஒவ்வொரு படியா இறங்கும். இறங்க இறங்க உடம்பும் மனமும் ஆறுதலாகும். முதலாம் படி…"

இறங்கினேன். இரண்டாம் படியில் ஈரமண் வாசம் வந்தது. மூன்றாம் படியில் தலை குனிந்துகொண்டது, குனியாவிட்டால் பனங்குற்றியில் இடிக்கும். நான்காம் படியில் என் காதுகள் எதையோ எதிர்பார்த்து விறைத்தன. டொக்டர் ஐந்து என்று சொல்லி முடிக்கவில்லை. நான் துள்ளி எழும்பினேன். என் முழங்கை பட்டுக் குறடுகளும் கிண்ணமும் இருந்த தட்டம் தூக்கி எறியப்பட்டது. வாசலில் காத்திருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ளை, என்ன நடந்தது?"

"படி இறங்கினா பங்கர்தானே டொக்டர்!" கத்தினேன். கத்தியபோது வாய் கொஞ்சம் திறந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "எங்கடை வீட்டிலை மேல்மாடி கிடக்கோ? எனக்குத் தெரிஞ்ச ஒரே படி, என்ரை மனுசன் முற்றத்திலை வெட்டின ஏழு படிதான். பொம்மர் குண்டு போட வந்தால்தான் அதிலை இறங்கிறனாங்கள். அதிலை இறங்கி ஆறுதலா இரு எண்டு சொல்லுறியள்!"

அவர் குறடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிலத்தில் குந்தியிருந்தார். "புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு," என்றார் மெல்ல. "நானும் மற்றாக்களுக்கு அப்பிடியேதான் சொன்னனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

"பல்லுப் பிடுங்க வாயைத் திறந்துகொண்டிருக்கிறவை என்னெண்டு சொல்லுறது?"

அவர் வெட்கப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கப்படும் டொக்டர்மாரை நான் அதிகம் கண்டதில்லை. தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "சரி, படியை விடும்," என்றார். "அவசரமில்லாமல், ஒண்டுக்குப் பிறகு ஒண்டா நடக்கிற ஒரு காரியம் சொல்லும். உமக்கு நல்லாத் தெரிஞ்ச காரியம்."

யோசிக்கவே தேவைப்படவில்லை. "தண்ணி மாறுறது," என்றேன்.

எங்கள் வலிகாமப் பகுதியில் தோட்டக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எவளுக்கும் அந்த வேலை தெரியும். கிணற்றில் மண்ணெண்ணெய் மிசின் இறைக்கும் தண்ணீர் வாய்க்காலால் வரும். மண்வெட்டியோடு நிற்பவர் ஒரு பாத்தியின் வாயைத் திறந்துவிட்டு, அது நிரம்பும்வரை பார்த்து நிற்கவேண்டும். நிரம்பியதும் ஒரு வெட்டு மண்ணால் அந்த வாயை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறக்கவேண்டும். அதுதான் தண்ணீர் மாறுவது. அதில் அவசரத்துக்கு வேலையே இல்லை. நீங்கள் எவ்வளவு பதறினாலும் தண்ணீர் தன் பாட்டில்தான் ஊறும்.

டொக்டர் ஒரு காகிதத்தில் எழுதித் தந்தார். பத்துப் பாத்தி. பாதம் ஒரு பாத்தி, கெண்டைக்கால் ஒன்று, தொடை ஒன்று, இப்படி வயிறு, முதுகு, நெஞ்சு, கை, தோள், கழுத்து என்று போய்ப் பத்தாவது பாத்தி தாடை. ஒவ்வொன்றும் நிரம்பும்போது அந்த இடம் தளர்கிறது என்று எனக்கு நானே சொல்லவேண்டும். தினமும் இருபது நிமிஷம், ஒரே நேரம், ஒரே கதிரை.

இருபது நிமிஷம்தான் கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது. அவர் ஆம்பிளை.

நான் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. வாசல் படலையில் மச்சாள் உப்பும் செத்தல் மிளகாயும் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். "பல் டொக்டர் உன்னை வசியம் பண்ணினவராம். நீ பேய் பிடிச்சமாதிரிக் கத்தினியாம். சந்தையெல்லாம் கதை," என்றார். அன்று பின்னேரமே பக்கத்து ஊர் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்தி, என் கையில் ஒரு நூலும் கட்டினார். நூலோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டிக்கொண்டேன்.

சண்டை அடுத்த நாள் வந்தது. பாடசாலை விட்டு வந்து, மூன்று மணிக்கு, விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையில் போய்ச் சாய்ந்து கண்ணை மூடினேன். வீட்டில் இருந்த ஒரே வசதியான கதிரை அதுதான். என் கணவரும் அவருக்கு முன் அவருடைய தகப்பனும் மட்டுமே அதில் சாய்ந்திருக்கிறார்கள். இரண்டாவது பாத்தி நிரம்புவதற்கு முன் மச்சாளின் குரல் கேட்டது.

"மத்தியானச் சட்டி கழுவாமல் கிடக்கு. மாவிடிக்கக் கிடக்கு. நீ என்ன, மாப்பிள்ளைமாதிரிச் சாஞ்சு கிடக்கிறாய்?"

"இருபது நிமிஷம் மச்சாள். பிறகு எல்லாம் செய்யிறன்."

"கண்ணை மூடி என்னத்தைப் பாக்கிறாய்? எல்லாருந்தானே தாங்குகினம், உனக்கு மட்டும் என்ன?"

வந்துவிட்டது அந்த வசனம். நான் கண்ணைத் திறந்தேன், ஆனால் எழும்பவில்லை. "மச்சாள், நீங்கள் காலமை அரை மணித்தியாலம் சாமியறையிலை கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறியள். ஒருத்தரும் வந்து சட்டி கழுவு எண்டு சொல்லுறேல்லை. கும்பிடுறன் எண்டு மூடினாச் சரி. எனக்காக மூடினா மட்டும் குற்றமோ?"

மச்சாள் குசினிக்குத் திரும்பினார். அன்று இரண்டு பேருக்கும் தாடை பூட்டிக்கொண்டது என்றுதான் சொல்லவேண்டும். அவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சட்டிகளை மட்டும் நல்ல சத்தத்தோடு கழுவினார்.

கணவரிடம் முறைப்பாடு போனது. அவர் தோட்டத்தால் வந்து, மண் காலோடு விறாந்தையில் நின்று, தன் கதிரையில் நான் கிடப்பதைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன், அதுவே தவறு. "இஞ்சேரும், உது வேலை செய்யுதோ?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையில் வேலை செய்யவில்லை. ஐந்து நாளாகியும் காலையில் தாடை அப்படியே இருந்தது. சொன்னேன். எப்படிச் செய்கிறேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பாதத்தைத் திறந்துவிடுகிறேன், அது நிரம்புகிறதோ இல்லையோ என்று பார்க்காமல் கெண்டைக்காலுக்குப் போகிறேன், சட்டி கிடக்கிறது, மா கிடக்கிறது, கெதியாகத் தாடைக்குப் போய்ச் சேரவேண்டும்.

அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "உது என்ன தண்ணி மாறுற முறை? முதல் பாத்தி நிரம்ப முந்தி அடுத்ததைத் திறந்தா இரண்டும் காயும்! கடைசிப் பாத்திக்குச் சொட்டுத் தண்ணியும் போகாது. ஒண்டை நிரப்பி, வாயை இறுக்கி அடைச்சுப்போட்டு மற்றதுக்குப் போம். கடைசிப் பாத்தியைப் பற்றி இப்ப யோசியாதேயும்."

"நீங்களும் அப்பிடித்தானே ஓடி ஓடி மாறுறியள்."

"நான் மண்ணெண்ணெய் முடியப்போகுது எண்டு ஓடுறன். உமக்கு உங்கை என்ன, மிசினே இல்லையே!"

அவர் சொன்னது சரிதான். என் கண்ணுக்குள் இருந்த கிணற்றுக்கு மண்ணெண்ணெய் தேவையில்லை, வரிசை இல்லை, பங்கீட்டு அட்டை இல்லை. முழு யாழ்ப்பாணத்திலும் தட்டுப்பாடு இல்லாத ஒரே இடத்தில் நின்றுகொண்டு நான் சிக்கனம் பிடித்திருக்கிறேன். அடுத்த நாளில் இருந்து பாதத்தை நிரம்பவிட்டேன். பாத்தி வரம்பு வரை தண்ணீர் ஏறி, வெங்காயத் தாள்களின் அடி நனைந்து, மண் பொருமி அடங்கும்வரை நின்றேன். சில நாள் மூன்று பாத்தியோடு இருபது நிமிஷமும் முடிந்துவிடும். முடியட்டும் என்று இருந்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ காலையில் எழும்பிப் பாணைக் கடித்தேன். கடித்து விழுங்கிய பிறகுதான் கடித்தேன் என்பதே தெரிந்தது.

இதைச் சொன்னால் மனம் அமைதியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அமைதி வரவில்லை, வரவேண்டிய காலமும் அது இல்லை. எனக்குக் கிடைத்தது ஒரு வேலி. இந்த இருபது நிமிஷம் என்னுடையது, இந்தத் தாடை என்னுடையது, மேலே பறப்பவனுக்கும் கீழே நின்று ஏசுபவர்களுக்கும் இதற்குள் காணி இல்லை என்ற வேலி.

நேர்முகப் பரீட்சை ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மூன்று அதிகாரிகள், அதில் ஒருவர் பெண். எங்களில் முப்பது நாற்பது பேர் மரத்தடியில் காத்திருந்தோம். எனக்கு முந்தியவள் உள்ளே போன நேரம் பொம்மர் வந்தது. எல்லாரும் ஓடினோம். பாடசாலைப் பங்கரின் படிகளில் அதிகாரிகளோடு இடிபட்டு நானும் இறங்கினேன். எனக்குப் பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. மண் தலையில் கொட்டியது.

வெளியே வந்தபோது பெரிய அதிகாரி உடுப்பைத் தட்டிக்கொண்டு, "கெதியா முடிப்பம். அடுத்த ஆள் ஆர்?" என்றார்.

அடுத்த ஆள் நான். வாயைத் திறந்தேன். சின்னவிரல் அளவு.

ஐந்து வருஷமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓடிப்போய்ச் சைக்கிளை எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகு ஆத்திரம் வந்தது. "ஐயா, எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும்," என்றேன் பல்லுக்கிடையால்.

"மொத்தமே பதினைஞ்சு நிமிஷந்தான் பிள்ளை."

"அதிலை அஞ்சை எடுக்கிறன். மிச்சம் பத்துக் காணும்."

அவர்கள் பதில் சொல்லுமுன் மாணவர் கதிரை ஒன்றில் இருந்து கண்ணை மூடிவிட்டேன். பாதத்தைத் திறந்தேன். "இதென்ன, பரீட்சைக்கு வந்து நித்திரை கொள்ளுறா?" என்றது பெரியவரின் குரல். "விடுங்கோ, கும்பிடுறா ஆக்கும்," என்றது பெண் அதிகாரியின் குரல். அந்த அம்மா எனக்கு நல்லதுதான் செய்தார். நான் பேசாமல் இருந்திருந்தால் பக்தியான பிள்ளை என்று போயிருக்கும்.

"கும்பிடேல்லை அம்மா," என்றேன், கண்ணைத் திறக்காமல். "தாடையை இளக்கிறன்."

நான் கெண்டைக்காலை அடைத்துத் தொடையைத் திறந்தேன். நிரம்பட்டும் என்று நின்றேன். மூன்று கிழமைப் பழக்கத்தில் தண்ணீர் வேகமாக வந்தது. பத்தாவது பாத்தி நனைந்தபோது எழும்பி, வெண்கட்டியை எடுத்து, பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று பத்து நிமிஷம் படிப்பித்தேன். பெரிய அதிகாரியை எழும்பி வந்து கரும்பலகையில் கணக்குச் செய்யச் சொன்னேன். பிழையாகச் செய்தார். திருத்தினேன்.

அடுத்த தவணைக்கு முன் நியமனக் கடிதம் வந்தது. ஆஞ்சநேயர் தந்தது என்றார் மச்சாள். ஆஞ்சநேயர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம், நான் மறுக்கவில்லை. தண்ணீர் மாறியது நான்.

மூன்று மணிக் கதிரை அதன்பிறகு எனக்கே நிலைத்துவிட்டது. மச்சாள் ஏசுவதை விட்டார், ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை. "உவள் வெங்காயத்துக்குத் தண்ணி விடுறாள்," என்று வருகிறவர்களுக்கு நக்கலாகச் சொல்வார்.

தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் எழும்பி ஓடியது. நாங்களும் ஓடினோம். கடல்நீரேரிக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்கள். எங்களுக்குக் கிடைத்தது மூன்று பாய் அளவு சீமெந்து நிலம். வந்து நான்காம் நாள் மச்சாள் கதைப்பதை நிறுத்தினார். சாப்பிடவில்லை. தலையைக் கையால் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் பார்த்துக் கிடந்தார். கோழிகளைத் திறந்துவிட்டு வந்தோமா இல்லையா என்று அவருக்கு நினைவு வரவில்லை. அதையேதான் முதல் மூன்று நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணி போல நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். பக்கத்துக் குடும்பத்து மனுசன் ஏதோ முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

"பிள்ளை," என்றார் மச்சாள், சுவரைப் பார்த்தபடியே. "உதை எனக்கும் ஒருக்காச் சொல்லு."

நான் அவருக்குக் கிட்ட நகர்ந்தேன். "கண்ணை மூடுங்கோ மச்சாள்," என்றேன். "கிணத்தடியிலை நிக்கிறம். வாய்க்காலிலை தண்ணி வருது. முதல் பாத்தியைத் திறவுங்கோ."

"மழை பெய்யுது. வெங்காயத்துக்கு இப்ப தண்ணி என்னத்துக்கு?"

"இது மழை இல்லாத நாள்."

"சரி," என்றார். கண்ணை மூடியபடியே, "கிணத்தடிப் பாத்தியிலை வெங்காயம் இல்லையடி, மிளகாய்க் கண்டெல்லே," என்றார். மிளகாய்க்கே விடுவோம் என்றேன். இரண்டாவது பாத்தி. மூன்றாவது. நிரம்பும்வரை நிற்கச் சொன்னேன். ஆறாவது பாத்தியில் அவருடைய கை தலையை விட்டு நழுவிப் பாயில் விழுந்தது. மூச்சு சீராகியது. நான்கு நாளுக்குப் பிறகு தூங்கிவிட்டார்.

விட்டுவந்த அந்தத் தோட்டத்தில் அப்போது யார் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரை இடையில் விட்டுவிட்டு எழும்பும் பழக்கம் எனக்கு இல்லை. மிச்சம் நான்கு பாத்தியையும், ஒவ்வொன்றாக, நிரம்ப நிரம்ப மாறி முடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.